நேர்முகம் முடியும்வரை

நான் ஜப்பானுக்குப் படிக்கப் போன கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சந்தோஷமாகத்தான் சொல்வார்கள். கடற்கரைப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி, புலமைப்பரிசில் கிடைத்து இஞ்சினியர் படிப்புக்குப் போனாள் என்பார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. நான் சொல்லத் தொடங்கினால் மட்டும் கதை நேர்முகப் பரீட்சை நடந்த அந்த வியாழக்கிழமையில் போய்த் தட்டி நின்றுவிடும்.

தலவில கோயிலைத் தாண்டிக் கற்பிட்டிப் பக்கம் போகையில், வீதிக்கு மேற்கே கடலோடு ஒட்டியிருக்கிறது எங்கள் ஊர். அப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. அண்ணன் சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு தொழிலுக்குப் போனான். விருப்பப்பட்டுத்தான் போனான் என்று வீட்டில் சொல்வார்கள். அவனை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் புத்தளத்தில் சிஸ்டர்மாரின் விடுதியில் நின்று உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தேன். பெறுபேறு நல்லதுதான். ஆனால் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நின்றுவிட்டேன்.

பௌதிகவியல் படிப்பித்த ஆசிரியை புத்தளத்து முஸ்லிம் பெண். நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "திரும்ப எழுதுறதெண்டா எழுதுங்க புள்ள. ஆனா வெளியிலயும் போட்டுப் பாருங்க. கேட்டா என்ன, இல்லையெண்டுதானே சொல்லப் போறாங்க" என்றார். ஆங்கிலத்தில் பொறியியல் படிப்பிக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுப் புலமைப்பரிசில் கொடுக்கும் ஒரு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். எடுப்பது மிகக் கொஞ்சப் பேரைத்தான். உலகம் முழுவதிலும் இருந்து விண்ணப்பிக்கிறார்கள்.

விண்ணப்பிப்பது என்றால் ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தேன். மாதக்கணக்கில் இழுத்தது. ஆங்கிலப் பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போய் வந்தேன். தமிழில் படித்த கணிதத்தை ஆங்கிலத்தில் யோசிக்கப் பழகினேன். விண்ணப்பித்த பிள்ளைகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதற்குள் போய்ப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியட்நாமில் ஒருத்தன் ரோபோ செய்து பரிசு வாங்கியவன். இந்தியாவில் ஒருத்தி பள்ளிக்கூட வயதிலேயே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். நான் செய்தது என்று எழுத எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: படகு மோட்டரை அண்ணனோடு சேர்ந்து கழற்றிப் பூட்டியது.

"மோட்டர் கழட்டினதுக்கு யுனிவர்சிட்டி குடுப்பாங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

"அவங்கட நாட்டு மோட்டர்தானே. அவங்களுக்கு விளங்கும்."

அண்ணன் நெடுநேரம் சிரித்தான். அதற்குப் பிறகு கடலிலிருந்து வந்து குளித்ததும், "என்ன இஞ்சினியர், பதில் வந்திச்சா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டான்.

பதில் வந்தது. கட்டுரை பிடித்திருக்கிறது, நேர்முகத்துக்குத் தெரிவாகியிருக்கிறீர்கள், வியாழக்கிழமை உங்கள் நேரப்படி காலை ஒன்பதரை மணி. எங்கள் வீட்டில் இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். ஊரில் ஒழுங்கான இணைப்பு கோயிலுக்குப் பக்கத்தில் பாதரின் அலுவலக அறையில் மட்டுந்தான் இருந்தது. அம்மா போய்க் கேட்க, பாதர் உடனே சம்மதித்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனார்கள். புதன் விடிய வந்துவிடவேண்டியவர்கள். நான் எழும்பி வந்தபோது, கடலுக்குப் போட்டுப் போகும் அண்ணனின் சேட்டு கொடியில் இல்லை. அம்மா குசினியில் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பாவும் அண்ணாவும் வரேல்லையா?"

"வந்திட்டுத் திரும்பிட்டாங்க. பத்தலங்குண்டுப் பக்கம் மீன் நல்லாப் படுதாம். அங்க வாடியில நிண்டு ரெண்டு மூண்டு நாள் தொழில் செய்யப் போறாங்களாம்."

"அண்ணா என்னட்டச் சொல்லாமலா?"

"நீ நித்திரை. எழுப்ப வேணாமெண்டு நான்தான் சொன்னன்."

பத்தலங்குண்டு கற்பிட்டிக்கு வடக்கே இருக்கும் தீவு. மீன் பட்டால் எங்கள் ஊர்ப் படகுகள் அங்கே போய் வாடி என்கிற ஓலைக் குடிசை போட்டுத் தங்குவது வழக்கம். அங்கே போன் ஒழுங்காக எடுபடாது. சந்தேகப்பட அதில் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நேர்முகத்துக்கு முதல் நாள் அண்ணன் பக்கத்தில் இல்லையே என்று கொஞ்சம் கோபம் வந்தது, அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் என்னை நானே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாமே கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா தினமும் நாலு தரமாவது வருபவர், அன்று எட்டிப் பார்க்கவில்லை. பகலில் சோற்றுக்கு மீன் இல்லை, வெறும் பருப்பும் சம்பலும். பின்னேரம் கோயிலில் செபமாலைக்கு மணி அடிக்கவில்லை. ஊர் அமைதியாக இருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அன்று பெண்களெல்லாம் கடற்கரைக் கடைசியில் சிலுவை நட்டிருக்கும் குருசடியில் கூடி அப்பாவுக்காகவும் அண்ணனுக்காகவும் செபமாலை சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் வேண்டாம், மகளுக்குக் கேட்கும் என்று அம்மாதான் கேட்டுக்கொண்டாராம். ஊர்ப் படகுகள் விடிந்ததில் இருந்து தேடப் போயிருந்தன. நேவிக்கும் அறிவித்திருந்தார்கள். ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து ஒருத்தியிடம் ஒரு விஷயத்தை மறைக்க முடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வியாழன் காலை அம்மா என் வெள்ளைச் சட்டையை அழுத்தி வைத்திருந்தார். பாணும் பொரித்த முட்டையும் தந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் இருந்து பார்த்தார். தன் கோப்பையில் இருந்த தேத்தண்ணியை அவர் தொடவில்லை.

கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எங்களைக் கண்டதும் கதையை நிறுத்திக்கொண்டார்கள். நான் பெரிய விஷயத்துக்குப் போகிறேன் என்று மரியாதை தருகிறார்கள் என நினைத்து, தலையை நிமிர்த்தி நடந்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பாதர் அறையைத் திறந்துவிட்டு, "கடவுள் துணை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மா விறாந்தையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

திரையில் மூன்று பேர். வயதான பேராசிரியர் ஒருவர், என் அம்மாவின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கண்ணாடி போட்ட இளையவர் ஒருவர். முதலில் கணிதம் கேட்டார்கள். வெள்ளைத் தாளில் செய்து கமராவுக்குக் காட்டினேன். பிறகு வயதானவர் என் கட்டுரையைப் பார்த்தபடி, படகு மோட்டரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எந்த நாட்டு மோட்டர் என்று கேட்டார். உங்கள் நாட்டுதான் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நடுக்கடலில் அந்த மோட்டர் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று இளையவர் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கேள்வி. முதலில் எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பேன், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பில்டரில் தெரியும், அதைக் கழற்றி ஊற்றுவேன், பிறகு பிளக்கைத் துடைத்துப் பார்ப்பேன் என்று ஒவ்வொன்றாக, ஏன் என்ற காரணத்தோடு, கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்தப் பெண் பேராசிரியர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவும் செய்தும் வேலை செய்யாவிட்டால்?"

"படகின் தலையை அலைக்கு நேராக வைத்துக்கொண்டு வேறொரு படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். பொறியியல் முடிந்த பிறகு பொறுமை என்று என் அப்பா சொல்வார்."

அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. அந்த நேரத்தில் நாக்கில் வந்தது, நன்றாக இருந்தது, சொன்னேன். அவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். நேர்முகம் முடிந்தபோது எனக்குக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. அப்படித் தெரிவது உண்டு.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அம்மா எழும்பினார்.

"நல்லா நடந்திச்சா?"

"ஓம் அம்மா. நல்லா நடந்திச்சு."

"எல்லாம் முடிஞ்சுதா? திரும்பக் கூப்பிட மாட்டாங்களே?"

"இல்ல, முடிஞ்சுது."

"இதுல இரு" என்றார். நான் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தார். குடித்து முடித்ததும் கிளாஸை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். "அப்பாவும் அண்ணனும் நேற்றையில இருந்து வரேல்ல மகள். பத்தலங்குண்டுக்குப் போகேல்ல. தேடுறாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாவது தரம் சொன்ன பிறகுதான் விளங்கியது. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. பாதர் ஓடி வந்ததும், அம்மாவின் கையை நான் தட்டிவிட்டதும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு கடற்கரைக்கு ஓடினேன். அங்கே நின்ற ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. நேர்முகம் முடிந்துவிட்டது என்பதை என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

அன்று முழுவதும் கரையில் இருந்தேன். வெயிலில் கடல் குளத்தைப் போலக் கிடந்தது. அதுதான் பயமாக இருந்தது. காற்று அடித்திருந்தால் கரைக்குத் தள்ளியிருக்கும் என்றோ, புயலில் எங்காவது ஒதுங்கியிருப்பார்கள் என்றோ சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். கைகளை ஆட்டி நான் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பில்டரைக் கழற்றியிருப்பானா, பிளக்கைத் துடைத்திருப்பானா என்று அண்ணனுக்காக மனதுக்குள் மோட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். நான் எழும்பித் தள்ளிப் போய் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீனவர் சங்கத்துக்கு அழைப்பு வந்தது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்று தொழில் செய்யும் ஒரு பெரிய படகு அவர்களைக் கண்டு ஏற்றியிருந்தது. சிங்களப் படகுக்காரர்கள். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஊரைச் சொன்னதால்தான் அவர்களால் சங்கத்துக்குத் தகவல் அனுப்ப முடிந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா மணலில் முழங்கால் போட்டார். அதுவரை அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் படகு கரை சேர்ந்த சிலாபத்தில், ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தேன். அண்ணனின் உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்து கிடந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் பட்ட காயம் குளிசை மருந்து இல்லாமல், உப்புத் தண்ணீரில் கிடந்து மோசமாகியிருந்தது. பிறகு இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர் ஆழக் கடலுக்குப் போகவில்லை.

அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி எனக்கே விசித்திரமாக இருந்தது. "எண்ணெயில தண்ணியா?"

"இல்ல. கியர் உடைஞ்சது. நீ வந்திருந்தாலும் ஒண்டும் செய்யேலாது" என்றான்.

ஆறுதலாக இருந்தது. அது ஆறுதல்படக்கூடிய விஷயமா என்று தெரியவில்லை.

அம்மாவோடு நான் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்ட கேள்விக்கு ஓம், இல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் உடுப்பு மடிக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா செத்திருந்தா? அண்ணா செத்திருந்தா? நான் அங்க இருந்து சிரிச்சுக்கொண்டு இருந்திருப்பன். என்னட்டச் சொல்லாம விட நீங்க ஆர்?"

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்?"

"கரையில நிண்டிருப்பன்."

"கரையில நிக்க ஆக்கள் இருந்தாங்க. அந்தக் கதிரையில இருக்க உன்னை விட்டா ஆக்கள் இல்ல." பிறகு, என்னைப் பார்க்காமல், "அதுவும் போயிருந்தா எங்கட வீட்டில என்ன மிஞ்சியிருக்கும்" என்றார்.

அது பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை. அவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

கிடைத்துவிட்டது என்ற மின்னஞ்சல் வந்தபோது அப்பா இன்னும் கட்டிலில்தான் இருந்தார். சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அண்ணன், "அப்ப சரி இஞ்சினியர்" என்றான். அன்று மாலை கிணற்றடியில் நின்றபோது அவன் சொன்னான்: "வியாழக்கிழமை விடிய ஒரு கப்பல் தூரத்தில போச்சு. சேட்டைக் கழட்டி ஆட்டினன். அது போயிட்டுது. அப்ப உன்ர நேர்முகம் எத்தனை மணிக்கு எண்டு யோசிச்சன். உனக்கு இது தெரிஞ்சிருக்கும், எல்லாம் குழம்பியிருக்கும் எண்டு நினைச்சன். நீ சிரிச்சுக் கதைச்சனியெண்டு அம்மா சொன்னா." குரலில் குத்தல் இல்லை. நிம்மதியாகத்தான் சொன்னான். அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனிக் கடலுக்குப் போகமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னவன், அப்பாவின் கால் ஆறுவதற்குள் வேறொருவரின் படகில் போகத் தொடங்கினான். அவன் கடலில் நின்ற ஒரு நாளில்தான் நான் விமானம் ஏறினேன்.

ஜப்பானில் படிப்பு கடினம். அதைப் பற்றி முறைப்பட எனக்கு ஒன்றும் இல்லை, கேட்டுத்தான் வந்தேன். எனக்குக் கடினமாக இருந்தது தொலைபேசிதான். அம்மா ஒவ்வொரு நாளும் எடுப்பார். "எல்லாரும் சுகம். ஒண்டும் இல்ல மகள், நீ படி" என்பார். பத்தலங்குண்டுக்குப் போனார்கள் என்று சொன்ன அதே குரல். அப்பாவைக் காட்டுங்கள் என்பேன். அப்பா வந்து கை காட்டினால், அண்ணனைக் காட்டுங்கள் என்பேன். அவன் கடலில் என்றால் எனக்கு அன்றைய பாடம் போய்விடும். என்னோடு படிக்கும் இந்தோனேசியப் பெண்ணுக்கு நான் ஏன் வீட்டாரை இப்படி விசாரணை செய்கிறேன் என்று விளங்கவில்லை. அவளுடைய அம்மா சொல்வதை அவள் நம்பினாள்.

கடைசியில் அண்ணனைப் பிடித்தேன். "அம்மா மறைச்சா நீ சொல்லவேணும். என்ன நடந்தாலும், எந்த நாளா இருந்தாலும்."

"பரீட்சை நாளா இருந்தாலுமா?"

"ஓம். பரீட்சை நாளா இருந்தாலும்."

அவன் சரி என்றான்.

இரண்டாம் வருடத்தில், வெப்ப இயக்கவியல் பரீட்சை நாள் காலையில் அவனுடைய அழைப்பு வந்தது. அம்மாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்களாம். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக இரத்தப்போக்கு, யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு ஒப்பரேஷன். "சொல்ல வேணாமெண்டு சத்தியம் வாங்கினா. நீ கேட்டனீதானே, அதான் சொல்றன்" என்றான்.

நான் பரீட்சைக்குப் போனேன். கதிரையில் இருந்தேன். கேள்விகளை வாசித்தேன், அவை எனக்குள் வரவில்லை. ஓடிப் போய் நிற்க ஒரு கரைகூட அங்கே இல்லை. நேரம் முடியும்வரை இருந்துவிட்டு, பாதிக்கு மேல் வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பாடம் தவறியது. புலமைப்பரிசில் அலுவலகத்தில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அடுத்த தவணையில் மற்றப் பாடங்களோடு சேர்த்து அதையும் திரும்பப் படித்தேன்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியால் ஆபத்து இல்லை என்றார்கள். கதைக்கக்கூடியதாக வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி பரீட்சையைப் பற்றியதுதான். மறைக்க நினைத்தேன். ஒரு கணம் நாக்கின் நுனியில் பொய் வந்தும்விட்டது, நல்லாச் செய்தன் அம்மா என்று. அதைச் சொல்லவில்லை. தவறிவிடும் என்றேன்.

அம்மா மெலிந்த குரலில், "இப்ப தெரிஞ்சு நீ என்னத்தைக் கண்டாய்?" என்றார்.

"தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

அண்ணனோடு அவர் பல நாள் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். ஆனால், "திரும்ப இப்படி ஒண்டு வந்தா சொல்லுவனோ தெரியாது தங்கச்சி" என்றும் சொன்னான். நான் அவனை வற்புறுத்தவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இப்போது நான் கடைசி வருடம். அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஒன்றும் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டார். போனை எடுத்ததும் கெட்ட செய்தியாகவே தொடங்குகிறார். கோழி இரண்டு செத்துப்போயிற்று. சின்னம்மாவுக்குப் பல்லுக் கொதி. மழைக்குக் குசினிக் கூரை ஒழுகுகிறது. அப்பா மீன் வாங்குகிற ஐஸ் வாடியில் யாரோடோ வாய்த்தர்க்கப்பட்டுவிட்டு வந்திருக்கிறார். அண்ணனுக்குப் பார்த்த பெண் வீட்டார் கடல் தொழில் வேண்டாம் என்கிறார்கள். ஒன்றுவிடாமல் சொல்கிறார். சின்னதெல்லாம் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை என்று நான் நம்புவேன் என்று நினைக்கிறாரா, அல்லது உண்மையிலேயே சொல்லப் பழகிவிட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அவ்வளவுதானா அம்மா?" என்று கேட்கிறேன்.

"அவ்வளவுதான்" என்கிறார்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைப்பதில்லை.